கழிப்பறைக்குப் புதுமனை புகுவிழா

எங்கள் குடும்பத்தில் ஃப்ளெக்ஸில் முகம் வராத ஒரே ஜீவன் நான்தான். அய்யாவின் முகம் எத்தனை முறை வந்திருக்கும் என்று அவருக்கே தெரியாது. பங்காளி வீட்டுக் கல்யாணமோ, மாமன் மகன் காதுகுத்தோ, கோயில் கும்பாபிஷேகமோ, எதுவானாலும் அடிவரிசையில் வெள்ளைச் சட்டையோடு கைகூப்பி நின்றுகொண்டிருப்பார். அக்காவுக்குச் சடங்கு வைத்தபோது பட்டாம்பூச்சிகளுக்கு நடுவில் அவளை ஆளுயரத்துக்கு அடித்து ரோட்டோரம் கட்டினார்கள். அதிலேயே ஒரு மூலையில் அம்மாவும் வந்துவிட்டாள். சிக்கல் என்கிற ஊரில் வாக்கப்பட்ட அத்தை வீட்டுக் காளைகூட மஞ்சுவிரட்டு ஃப்ளெக்ஸில் மாலையும் கழுத்துமாக நின்றது. எனக்குக் காது குத்தியபோது மட்டும் கடையில் மிஷின் ரிப்பேர். அந்த வயிற்றெரிச்சல் நாலாம் வகுப்பு வரைக்கும் எனக்கு அடங்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், என் சித்திக்கு வேலையே ஃப்ளெக்ஸ் கடையில்தான். அம்மாவின் தங்கை அவள். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் டிசைனர். கல்யாணம் ஆகிறவரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று அம்மா அவளை எங்களோடு வைத்திருந்தாள். காலை பஸ்ஸில் உச்சிப்புளியைத் தாண்டிப் போவாள், சாயங்காலம் உடுப்பெல்லாம் மிஷின் மை வாசத்தோடு திரும்புவாள். வழியில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு குறை இருக்கும். எழுத்துக்கு எதற்கு மூன்று கலர், மாப்பிள்ளை மண்டைக்குப் பின்னால் எதற்குச் சூரியன் என்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிடுவாள். அய்யா சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்.

அந்த வருஷம் எங்கள் ஜில்லா முழுக்கச் சீமைக்கருவேலத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுகிற சனியன் ஒழிந்தது என்று ஊரே மெச்சியது. பிள்ளைகள் நாங்கள் ஜேசிபிக்குப் பின்னாலேயே ஓடினோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடர்ந்து கிடந்த காடும் ஒரே நாளில் காணாமல் போனது. அங்கே நின்றால் ரோட்டில் போகிற ராமேஸ்வரம் பஸ்ஸில் யார் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார் என்பதுவரை தெரிந்தது. கபடிக்கு நல்ல இடம் என்று பையன்கள் துள்ளினார்கள். பெரிய வகுப்பு அக்காக்கள் மட்டும் துள்ளவில்லை. அவர்கள் ஒதுங்கப் போய்க்கொண்டிருந்த இடம் அதுதான்.

கழிப்பறை இல்லாமலில்லை. மைதானத்தின் ஓரத்தில் ரோஸ் கலரில் புதுக் கட்டிடம் ஒன்று இருந்தது. சுவரில் பையை மாட்டிக்கொண்டு சிரிக்கிற பெண்ணின் படம், கதவில் பெரிய பூட்டு. எங்கள் பகுதித் தலைவர் வந்து ரிப்பன் வெட்டினால்தான் திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. தலைவருக்குத் தேதி தோதுப்படவில்லை. கல்வெட்டுகூடப் பதித்தாகிவிட்டது, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். சாவி காண்ட்ராக்டரிடம். எங்கள் தலைமையாசிரியை போன் போடும்போதெல்லாம் 'இந்தா, அடுத்த வாரம் டீச்சர்' என்பாராம். அந்த அடுத்த வாரம் வருஷத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

அக்கா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். காடு போனபிறகு காலையில் எழுந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் வைக்கமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் கொல்லைக்கு ஓடுவாள். ஒருதரம் அவளும் சிநேகிதியும் துணிந்து வெட்டவெளியில் ஒதுங்கியபோது, உச்சிப்புளி விமானதளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேலேயே வந்து நின்றதாம். அதோடு விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அடிவயிற்றில் வலி, அப்புறம் நடுங்குகிற காய்ச்சல். ராமநாதபுரத்து டாக்டரம்மா சீட்டு எழுதுவதற்கு முன்னால் அம்மாவைத்தான் திட்டினார். வயசுப்பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் என்னத்துக்கு ஆகும் என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அய்யா கல்நெஞ்சக்காரர் இல்லை. அக்கா முனகிக்கொண்டு கிடந்த நாளெல்லாம் மிளகாய்க் காட்டுக்குக்கூடப் போகாமல் அவள் பக்கத்திலேயே இருந்தார். காய்ச்சல் விட்டபிறகுதான், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் விஷயத்தைச் சொன்னார்.

"ஒடம்பக் கெடுத்துக்கிட்டு அப்படி என்ன படிப்பு? முழுப்பரீட்சைய எழுதட்டும். அதோட வீட்டுல இருக்கட்டும்."

"பத்தாவது மட்டுமாச்சும் முடிக்கட்டுமே" என்றாள் அம்மா. அய்யா குழம்புக்குத் தட்டை நீட்டினார். சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்திருந்த அக்காவின் முதுகு குலுங்கியது.

எனக்கோ பொறாமை தாங்கவில்லை. இனி கணக்கு டீச்சர் முகத்தில் முழிக்க வேண்டாம், படுத்துக்கொண்டே டிவி பார்க்கலாம். கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி மட்டும் மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள். "ஏன் மச்சான், அந்தக் கக்கூஸத் தொறந்துட்டா அனுப்புவீகளா?"

"தொறக்கட்டும், பாப்போம். அது என்ன நம்ம கையிலயா இருக்கு?"

சித்தி சண்டை போடாமல் சாப்பிட்டு எழுந்ததே அதிசயம். கை கழுவிவிட்டு வந்து என்னிடம், "நாளைக்குச் சனிக்கிழமைதானே, எங்கூடக் கடைக்கு வாரியா?" என்றாள். அன்றைக்கு நான் தூங்கினேனா என்று எனக்கே சந்தேகம்.

கடை எனக்குச் சொர்க்கமாக இருந்தது. ஏசி போட்ட கண்ணாடி அறையில் சித்தியின் கம்ப்யூட்டர். வெளியே கட்டில் நீளத்துக்கு ஒரு மிஷின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடி ஒரு மணப்பெண்ணை நெற்றியிலிருந்து வரைந்துகொண்டிருந்தது. மூக்கு வரவே வெகுநேரம் ஆனது. சித்தி கம்ப்யூட்டரில் ஒரு இடத்தைத் தட்டினாள். எங்கள் சுற்றுவட்டாரமே அதற்குள் இருந்தது! டீக்கடைக்காரர், வலைக்கடை பாய், போஸ்ட்மேன், என் வகுப்புப் பிள்ளைகளின் அய்யாக்கள், எல்லோரும் கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வெறும் தலைகளாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த விசேஷத்துக்காவது ஒருமுறை வெட்டி எடுத்த தலையை அழிக்க மாட்டார்களாம். அடுத்த விசேஷத்துக்கு ஆகும். உடம்புகள் தனியாக இருந்தன. வெள்ளைச் சட்டை, கைகூப்பிய கை, தங்கக் கலர் வாட்ச். எந்தத் தலையை வைத்தாலும் பொருந்துகிற உடம்புகள்.

சித்தி புதுமனை புகுவிழா டிசைன் ஒன்றை எடுத்தாள். இரண்டு பக்கமும் வாழைமரம், கலசம், பசுவும் கன்றும், பொங்கி வழிகிற பால்பானை. நடுவில் இருந்த மாடிவீட்டை நீக்கிவிட்டு, தன் போனில் பிடித்து வைத்திருந்த ரோஸ் கலர் கழிப்பறையைக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். சுற்றிலும் பொன்னிற ஒளி கொடுத்தாள். அது குலதெய்வம் கோயில் மாதிரி ஜொலித்தது.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "சித்தி, கக்கூஸுக்கு யாராச்சும் பால் காய்ச்சுவாகளா?"

"கோரிக்கை, கண்டனம்னு போட்டா எவன்டி நின்னு பாக்குறான்? புதுமனை புகுவிழான்னா நிப்பான். யாரு வீடு, யாரு யாரு மொகம் இருக்குன்னு தேடுவான். ஃப்ளெக்ஸுல எழுத்த யாரும் வாசிக்கிறதில்ல. மொகத்தத்தான் வாசிக்கிறாக."

சொல்லிக்கொண்டே தலைவரின் பெரிய முகத்தை மேலே வைத்தாள். அவருடைய பொற்கரங்களால் வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு என்று அவளே தேதியும் குறித்துவிட்டாள். மாணவியர் கழிப்பறை என்ற எழுத்தை ஒளிக்கவுமில்லை, பெரிதாக்கவுமில்லை. கீழே, 'அன்புடன் அழைக்கும் பெண் பிள்ளைகளைப் பெற்றோர்' என்று எழுதி, அக்கா வகுப்புப் பிள்ளைகளின் அய்யாக்களை ஒவ்வொரு தலையாக இறக்கினாள். எங்கள் அய்யா சரியாக நடுவில். அவருக்கு வாய்த்த உடம்பில் வாட்சோடு ஒரு பிரேஸ்லெட்டும் இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"என் படத்தையும் வை சித்தி. ஒரு ஓரமா, சின்னதா."

"ஒன் மொகம் இதுல வேல செய்யாதுடி. ஆம்பளைக மொகந்தான் இதுல வேல செய்யும்."

நான் உதட்டைப் பிதுக்கினேன், சிணுங்கினேன், தரையில் உட்கார்ந்தும் பார்த்தேன். சித்தி அசையவில்லை. வேறொரு ரோலில் மிஞ்சிய துண்டில் ஃப்ளெக்ஸை அடித்து, நான்கு மூலையிலும் கயிறு கோக்க இரும்புக் கண் வைத்து, சுருட்டிக் கையில் கொடுத்தாள். சூடு ஆறாத அந்தச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். ஊர் வருவதற்குள் எனக்கு வயிறு வெடித்துவிடும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஃப்ளெக்ஸ் பஸ் ஸ்டாப்பில் இருந்தது. கடையில் ஃப்ளெக்ஸ் கட்டுகிற அண்ணன்களுக்குச் சித்தி சொல்லிவிட்டிருந்தாள். அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. யார் ஏற்பாடு இது என்று ஒருத்தர்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை. ஃப்ளெக்ஸில் தன் முகம் இருக்கும்போது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது? தலைவரின் ஆட்கள், காண்ட்ராக்டர் தேதி வாங்கிவிட்டார் என்று நினைத்து அவருடைய வெள்ளிக்கிழமையை ஒதுக்கி வைத்தார்கள். காண்ட்ராக்டரோ, தலைவர் வீட்டிலிருந்து சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துச் சுவருக்கு இன்னொரு கை ரோஸ் பெயின்ட் அடித்தார். தலைமையாசிரியையோ, 'ஒருவழியாகக் கண் திறந்தார்கள்' என்று மைக்செட்டுக்குச் சொல்லிவிட்டார். அய்யாக்கள் ஒவ்வொருவரும் மற்ற அய்யாக்களைச் சந்தேகப்பட்டார்கள்.

எங்கள் அய்யாவுக்கு மட்டும் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. முகம் சிவக்க வீட்டுக்கு வந்து, "கக்கூஸுக்கு எம் மூஞ்சிய வச்சிருக்கா ஒந்தங்கச்சி" என்று அம்மாவிடம் கத்திவிட்டு, ஃப்ளெக்ஸைக் கிழிப்பதற்கு அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். டீக்கடையில் இருந்தவர்கள் அவரைக் கண்டதும் எழுந்தார்கள்.

வலைக்கடை பாய் அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அக்கா வகுப்பில் ஒரு மகள். "மாப்ள, அல்லாஹ் ஒனக்கு நல்லது செய்யட்டும். பொட்டப்பிள்ளைக கஷ்டத்த யாரு வாய்விட்டுப் பேசுறா? எனக்கே கூச்சமாத்தான் இருந்துச்சு. நீ துணிஞ்சு முன்னால நின்னுட்ட."

அய்யா பாயைப் பார்த்தார், ஃப்ளெக்ஸைப் பார்த்தார், கையிலிருந்த அரிவாளைப் பார்த்தார். பிறகு ஒரு மூலையில் தளர்ந்திருந்த கயிற்றின் முடிச்சை இறுக்கி, மிச்சக் கயிற்றை அரிவாளால் நறுக்கிவிட்டார். டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பட்டுப்பாவாடை. மைக்செட் காது கிழியப் பாடியது. நிஜ வாழைமரமே கட்டியிருந்தார்கள். அய்யா வாசலில் நின்று சந்தனமும் கற்கண்டும் நீட்டி வந்தவர்களை வரவேற்றார். அக்கா தேறி அன்றுதான் பள்ளிக்கூடம் வந்திருந்தாள். கூட்டத்துக்கு அஞ்சி வகுப்பறை வாசலோடு நின்றுகொண்டாள்.

தலைவருக்கு முன்னால் வந்தது சிக்கல் அத்தை. மைக்செட் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு லோடு ஆட்டோ புழுதி கிளப்பி மைதானத்துக்குள் நுழைந்தது. டிரைவர் பக்கத்தில் அத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் பெரிய எவர்சில்வர் அண்டா, குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், வாழைத்தார், அரிசிமூட்டை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃப்ளெக்ஸைப் பார்த்திருக்கிறாள். வாழைமரம், கலசம், நடுவில் அண்ணன் முகம். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அண்ணன் புதுவீடு கட்டிவிட்டான், கூடப்பிறந்தவளுக்குச் சொல்லவில்லை. போன் செய்து கேட்பாளா? கோபித்துக்கொண்டவர்கள் எங்கள் பக்கம் போன் செய்ய மாட்டார்கள். முழுச் சீரோடு வந்து நின்று மானத்தை வாங்குவார்கள்.

"ஏண்ணே, ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சிருக்கு. நான் செத்தா போனேன்? ஒன் வீட்டுல வெளக்கேத்திப் பால் காய்ச்ச வேண்டியவ நானா வேற எவளுமா?"

அய்யா தொண்டையைச் செருமினார். "தாயி, அது வீடில்ல."

"பெறகு?"

அய்யா சந்தனக் கிண்ணத்தைக் கை மாற்றினார். நான்தான் கத்திச் சொன்னேன். "கக்கூஸு அத்தே, அக்காவுகளுக்கு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. ரோஸ் கட்டிடத்தைப் பார்த்தாள். வெட்டவெளியைப் பார்த்தாள். ரோட்டில் ஒரு பஸ் போனது. அவளும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான்.

"எனக்கு இது கெடைக்கல. எட்டாவதோட நின்னவ நான்" என்றாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவரை அதட்டினாள். "எறக்குப்பா எல்லாத்தையும். கொண்டாந்த சீரத் திருப்பி எடுத்துட்டுப் போற பழக்கம் எங்க வீட்டுல கெடையாது."

கழிப்பறை வாசலில் மூன்று செங்கல்லை வைத்து அத்தை பாலை ஏற்றினாள். பால் பொங்கிய நேரமும் தலைவரின் கார் வந்த நேரமும் ஒன்றாக இருந்தன. பெண்கள் குலவை போட்டார்கள். நானும் நாக்கைச் சுழற்றிப் போட்டேன். தலைவர் அந்த வரவேற்பைச் சற்றும் எதிர்பார்க்கவில்லை. மலர்ந்த முகத்தோடு ரிப்பனை வெட்டினார். காண்ட்ராக்டர் பூட்டைத் திறந்தார். எல்லா போன்களும் உயர்ந்தன. தலைவர் உள்ளே போய் ஒரு குழாயைத் திருகினார்.

காற்றுதான் வந்தது. அடுத்த குழாயிலும் அதே. லைனே கொடுத்திருக்கவில்லை.

"புது வீட்டுல தண்ணி வரலியாங்கய்யா?" என்று அத்தை பவ்யமாகக் கேட்டாள். பால் கரண்டி கையில் இருந்தது. தலைவர் போன்களைப் பார்த்தார், பிறகு காண்ட்ராக்டரைப் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் லைன் வரவில்லையென்றால் நடப்பதே வேறு என்று மைக்கிலேயே சொன்னார். அதுவரைக்கும் காத்திருக்கப் பெண்கள் தயாராக இல்லை. அத்தையின் அண்டாவை உள்ளே நகர்த்தி வைத்து, அடிபம்பிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து நிரப்பினார்கள். பெரிய வகுப்பு அக்காக்கள் வரிசையில் நின்று, ஒருத்தியை ஒருத்தி கிள்ளிச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்வந்தார்கள். சித்தி ஒரு வேப்பமரத்தடியில் நின்று, வந்தவர்களைப் பார்க்காமல் அய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவருக்கு நன்றி சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து அவிழ்த்து வந்து மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃப்ளெக்ஸின் அடிவரிசையைப் பார்த்து, நடுவில் இருந்தவரைக் கூப்பிட்டார். அய்யா மேடை ஏறினார். தலைவர் சால்வையைப் போர்த்தி, தோளில் கைபோட்டுக்கொண்டு, "இப்படிப்பட்ட தகப்பனார் ஊருக்கு ஒருத்தர் வேணும்" என்று பேசிவிட்டு, "மக எத்தனாவது படிக்குது?" என்று மைக்கை அய்யாவின் வாய்க்கு நேராக நீட்டினார்.

"ஒம்பதாவதுங்க" என்றார் அய்யா.

அத்தோடு இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் மைக்கை விடவில்லை. வகுப்பறை வாசலில் நின்ற அக்காவை ஒருமுறை பார்த்தார்.

"அடுத்த வருசம் பத்துங்க."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தைத் தாவணியில் புதைத்துக்கொண்டாள். பால் டம்ளர்களோடு வந்துகொண்டிருந்த அம்மா தட்டோடு நின்றுவிட்டாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. வேப்பமரத்தடியில் சித்தி சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்பது முடிந்தால் பத்து, அது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டிவியும் போய், மறுபடியும் கணக்கு டீச்சரிடமே மாட்டிக்கொண்டாளே, அதற்குத்தான் அழுகிறாள் என்று எண்ணி நான் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாவம், அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.